ஆற்றுக் காக்கைகளுக்கு இல்லாத சட்டம்

பனிக்காலத்தில் ஆர்டன் ராஸ்க்கைத் தெரியாத போலீஸ்காரர் அந்த மாவட்டத்தில் ஒருவரும் கிடையாது. நெடுஞ்சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டினார் அவர். காற்று கிளம்பி, சாலை எது வயல் எது என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாகிவிடும் நாட்களில் போலீஸ் கார்கள் அவருடைய லாரிக்குப் பின்னால்தான் ஊர்ந்து வரும். பள்ளத்தில் சரிந்த ரோந்துக் காரைச் சங்கிலி போட்டு இழுத்து விட்டிருக்கிறார். பெட்ரோல் பங்கில் கண்டால் அவர்களே காபி வாங்கிக் கொடுத்து, கார்லிஸ் சௌக்கியமா என்று மனைவியைப் பேர் சொல்லி விசாரிப்பார்கள்.

பனி உருகி வயல்களில் டிராக்டர் இறங்கியதும் ஆர்டன் மோட்டார் சைக்கிளை வெளியே எடுப்பார். கையில்லாத கறுப்புத் தோல் சட்டையை மாட்டிக்கொள்வார். அதன் முதுகில் சிறகு விரித்த ஒரு காக்கை, அதற்கு மேலே வளைவாக ‘ஆற்றுக் காக்கைகள்’ என்று சங்கத்தின் பெயர். அன்றிலிருந்து அதே போலீஸ்காரர்களுக்கு அவர் யாரோ எவரோ. நிறுத்துவார்கள். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லிக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். கைப்பிடியின் உயரத்தை அளப்பார்கள். கையில் குத்தியிருக்கும் பச்சையைப் படம் எடுப்பார்கள். அபராதம் மட்டும் எழுத மாட்டார்கள், எழுத ஒன்றும் இருக்காது.

சங்கத்தில் டயர் கடைக்காரர் உண்டு, வெல்டர் உண்டு, முடிதிருத்துகிறவர் உண்டு. இளவயதில் அடிதடியில் ஜெயிலுக்குப் போய் வந்தவர்களும் இரண்டு பேர் இருந்தார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஆர்டனுக்கு அந்தச் சங்கம்தான் சொந்தபந்தம். ராணுவத்திலிருந்து திரும்பித் தூக்கமில்லாமல் கிடந்த காலத்தில் அவரை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றிக் கூட்டிப் போனவர் டெல்பர்ட். சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அந்த டெல்பர்ட்டின் தங்கைதான் கார்லிஸ். ஆக மனைவி, சிநேகிதம், தூக்கம் எல்லாமே அந்தக் காக்கையால் வந்தவை. கோடையில் போலீஸ் நிறுத்துவதைக் கொசுக்கடி போல எடுத்துக்கொண்டார். டெல்பர்ட்டின் சாவு வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

டெல்பர்ட் ஜூலை மாதத்தில் மாரடைப்பில் போனார். சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேரைக் கார்லிஸே தேர்ந்தெடுத்தாள். முதல் பெயர் ஆர்டன், இரண்டாவது மெரில் ஹாவர். மெரில் சங்கத்துக்காரர் அல்ல. பயிர்க் காப்பீட்டு ஏஜென்ட். பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டனின் சிநேகிதர். சோபா மாதிரி ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார், மாநில அளவில் எல்லா மோட்டார் சைக்கிள்காரர்களுக்குமான கூட்டமைப்பில் பொறுப்பிலும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்லிஸின் மேஜையில்தான் அவருக்குச் சாப்பாடு. பேச்சில் தேன் ஒழுகும். செத்தவனுக்குக்கூட காப்பீடு விற்றுவிடுவான் என்று டெல்பர்ட்டே கிண்டல் செய்வார்.

தேவாலயத்திலிருந்து சவ ஊர்தி முன்னால் போக, அடுத்த காரில் கார்லிஸ், அதன்பின் மோட்டார் சைக்கிள்கள் இரண்டிரண்டாக. ஊரைத் தாண்டியதும் விளக்குகள் சுழன்றன. ஊர்தியையும் காரையும் போகவிட்டுவிட்டு மோட்டார் சைக்கிள்களை மட்டும் ஓரம்கட்டினார்கள். தடம் மாறும்போது யாரோ சைகை காட்டவில்லையாம். எல்லாரையும் சரளைக்கல் மேல் உட்காரவைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவராக எழுப்பி முதுகைப் படம் எடுத்தார்கள். பெட்டி தூக்கப் போக வேண்டியவர்கள் நாங்கள் என்று ஆர்டன் சொல்லிப் பார்த்தார். சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் ஓர் அதிகாரி. முடியவில்லை. வெயிலில் தோல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் மெரில் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இதுக்கு ஒரு சட்டம் கொண்டுவராம நான் ஓய மாட்டேன்டா ஆர்டன்" என்றார். "டெல்பர்ட் மேல சத்தியம்."

கல்லறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. பாதிரியார் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியிருந்தார். பெட்டியைச் சவ அடக்கக் கம்பெனியின் வேலைக்காரர்களும் தேவாலயச் சமையலறைப் பெண்கள் இருவரும் சேர்ந்து தூக்கியிருந்தார்கள். கார்லிஸ் மட்டும் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.  கணவனின் முழங்காலில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டிவிட்டாள்.

மெரில் சொன்னபடியே இறங்கினார். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார், சங்கத்துச் சட்டை போட்டிருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைப் போலீஸ் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு மசோதா. தலைநகரத்தில் அதைக் கொண்டுவர ஒரு பெண் செனட்டரையும் பிடித்துவிட்டார். ஆர்டன் லீவு போட்டுவிட்டுக் கூடவே அலைந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் சட்டசபைப் படிகளில் தோல் சட்டைக் கூட்டம் நிற்கும். உறுப்பினர்களின் அறைவாசலில் ஆர்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், மெரில் உள்ளே போய்ச் சிரித்துப் பேசுவார். முதல் வருஷம் மசோதாவை விசாரிக்க வேண்டிய சட்டசபைக் குழுவின் தலைவர் அதை எடுக்கவே இல்லை. அடுத்த வருஷம் மாவட்டப் போலீஸ் தலைவர்களான ஷெரிஃப்கள் கூட்டமாக வந்து, இது ரவுடிக் கும்பல்களுக்குக் குடை பிடிக்கிற சட்டம் என்றார்கள். அதோடு செத்தது.

காக்கைகளின் தலைவர் ஹாலிஸ், டயர் கடைக்காரர். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கையே இல்லை. கோட்டுப் போட்டவன் நமக்காக ஒரு விரலையும் அசைக்க மாட்டான் என்பார். ஆர்டன்தான் விடாமல் பேசினார். மெரில் கோட்டுப் போட்டாலும் நம்ம ஆள், நம்மோடு கல்லில் உட்கார்ந்தவன் என்றார். அவர் பேச்சை நம்பித்தான் சங்கம் தலைநகரத்துக்குப் பஸ் பிடித்தது, கையெழுத்து வாங்கியது, மெரிலின் கூட்டமைப்புக்குக் கோடைதோறும் விருந்து நடத்தித் தந்தது.

மூன்றாம் வருஷம் மெரில் வீட்டுக்கு வந்து, இந்த முறை குழுவின் முன்னால் ஆர்டன் பேச வேண்டும் என்றார். டெல்பர்ட்டின் சாவைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள், தோல் சட்டை வேண்டாம்.

"வெள்ளைச் சட்டை போட்டுக்கோ. அவங்க உன்னைப் பாக்கணும், காக்கையை இல்ல."

கார்லிஸ் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். காக்கையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது ஆர்டனுக்கு உறுத்தியது. ஆனாலும் மெரிலுக்குத் தெரியாததா என்று போனார். மேடைப் பேச்சு பழகாதவர், ஒலிபெருக்கியைப் பார்த்தே பேசினார். சவப்பெட்டியைச் சமையல்காரப் பெண்கள் தூக்கியதைச் சொல்லும்போது குரல் நின்றுவிட்டது. ஷெரிஃப்கள் பக்கத்திலிருந்துகூட ஓர் இருமல் கேட்கவில்லை. செனட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மௌனத்தில்தான் மசோதா தேறியது என்று பத்திரிகையில் எழுதினார்கள். அந்த வருஷம் ஷெரிஃப்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று ஆர்டனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. மனசு மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

கவர்னர் கையெழுத்துப் போட்டபோது எடுத்த படத்தில் மெரில் நடுவில், ஆர்டன் அவர் தோளுக்குப் பின்னால். அதை ஹாலிஸ் சங்கக் கட்டடத்தில் மாட்டினார். பன்றி சுட்டு ஊருக்கே போட்டார்கள். ஹாலிஸ் பீர் பாட்டிலைத் தூக்கி, நான் சொன்னது தப்பு, ஆர்டன் சொன்னதுதான் சரி என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். ஆர்டனின் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான நாள் வந்ததில்லை.

கோடையில் நிறுத்தல்கள் குறைந்த மாதிரிதான் இருந்தது. இலை பழுக்கிற பருவத்தில் ஒரு மாலை, ஆர்டனும் ஹாலிஸும் இன்னொரு காக்கையும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் விளக்கு சுழன்றது. இறங்கி வந்தவர் ப்ரூயர் என்கிற இளம் போலீஸ்காரர். இரண்டு பனிக்காலத்துக்கு முன்னால் ஆர்டன் பள்ளத்திலிருந்து இழுத்துவிட்ட கார் அவருடையதுதான்.

ஆர்டனுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு விதமான கம்பீரம்தான் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, எதற்காக நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சும்மா ஒரு சோதனை என்றார் ப்ரூயர். சும்மா நிறுத்தக்கூடாது, இப்போது சட்டம் இருக்கிறது, அதற்காக நானே தலைநகரத்தில் பேசினேன் என்றார் ஆர்டன்.

ப்ரூயர் சங்கடத்தோடு பார்த்தார்.

"ஆர்டன் சார், அந்தச் சட்டம் உங்களுக்கு இல்லையே."

"என்ன சொல்றீங்க?"

"போலீஸ் ரவுடிக் கும்பல்னு குறிச்சு வெச்சிருக்கிற சங்கங்களுக்கு அது செல்லாதுன்னு கடைசில ஒரு பிரிவு இருக்கு. காக்கைங்க அதுல வருது. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் சார். உங்க ஆளுங்க சம்மதிச்சதாலதான் ஷெரிஃபுங்க எதிர்க்கலன்னு கேள்விப்பட்டேன்."

ஆர்டன் திரும்பி ஹாலிஸைப் பார்த்தார். ஹாலிஸ் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை, தீர்ப்பு இருந்தது. சோதனை முடிந்ததும் மற்ற இருவரும் அவருக்காக நிற்காமல் வண்டியைக் கிளப்பிப் போனார்கள்.

ஆர்டன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மெரிலின் அலுவலகத்துக்குப் போனார். மெரில் கதவைப் பூட்டுகிற நேரம். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட ஆர்டனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். ஷெரிஃப்கள் அந்த ஒரு பிரிவைக் கேட்டார்கள், அது இல்லாமல் இன்னும் பத்து வருஷமானாலும் ஒன்றும் நடக்காது, மாநிலத்தில் ஆயிரக்கணக்கான பேர் வண்டி ஓட்டுகிறார்கள், அவர்களுக்காவது ஒரு பாதுகாப்பு கிடைத்ததே என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். பயிர்க் காப்பீட்டில் எந்த நஷ்டத்துக்குப் பணம் வராது என்று விவசாயிகளுக்கு விளக்குகிற அதே குரல்.

"நான் பேசப் போறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஆர்டன்.

"முந்தின நாளே பேசி முடிச்சாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பேசியிருக்க மாட்டியே. நீ பேசாம அது தேறியிருக்காதுடா."

"டெல்பர்ட் சாவைச் சொல்லச் சொன்ன. அவனே காக்கைதானே மெரில்? அவனைப் பொதைக்கப் போன எங்களையே வெளிய தள்ளுற சட்டத்துக்கு என்னைப் பேச வெச்சிருக்க."

மெரில் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தச் சட்டையைக் கழட்டிட்டா உனக்கும் அது செல்லும். அவ்ளோதான் விஷயம்."

ஆர்டன் எழுந்து வாசல்வரை போனார். அங்கே நின்று, ரோட்டோரத்தில் அழுதாயே, அது நிஜமா என்று கேட்டார். நிஜம்தான் என்றார் மெரில், சத்தியமாக நிஜம். அதைத்தான் ஆர்டனால் தாங்க முடியவில்லை. நடித்திருந்தால் ஏமாந்தோம் என்று போயிருக்கலாம். மனசார அழுதவனே கழுத்தறுத்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஆர்டன் நடந்ததை நடந்தபடி சொன்னார். தனக்குத் தெரியாது என்றார். சிலர் நம்பினார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். மெரில் உன் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், உனக்குத் தெரியாமலா என்றார் வெல்டர். வெள்ளைச் சட்டையோடு போனதை ஒருவர் நினைவுபடுத்தினார், காக்கையை வீட்டில் வைத்துவிட்டுப் போனவன்தானே என்று. ஹாலிஸ் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார்.

"உனக்குத் தெரியுமா தெரியாதாங்கிறதெல்லாம் எனக்கு வேணாம் ஆர்டன். நம்மள ரவுடின்னு எழுதின சட்டம் உன் வாயால ஜெயிச்சிருக்கு. நாங்க உன் சொல்லை நம்பித்தான் வந்தோம்."

வாக்கெடுத்தார்கள். ஆர்டன் தோல் சட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சங்கத்து விதி அப்படி, காக்கை சங்கத்தின் சொத்து. சட்டசபையில் எடுத்த படத்தை யாரோ ஏற்கெனவே சுவரிலிருந்து இறக்கியிருந்தார்கள். வீட்டுக்குப் போகும்போது நெஞ்சில் காற்று நேராக வந்து அறைந்தது. இத்தனை வருஷமும் அந்தத் தோல் தடுத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

கார்லிஸ் அழவில்லை, திட்டினாள். முதலில் மெரிலை, பிறகு ஹாலிஸை. டெல்பர்ட் உயிரோடு இருந்திருந்தால் இந்த வாக்கெடுப்பு நடந்திருக்குமா என்றாள். மெரில் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஒரு ஆப்பிள் கேக் வாங்கிக்கொண்டு வந்தபோது வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"எங்க அண்ணன் பிணத்தை வெச்சு பேரம் பேசிட்டு எங்கிட்டயே சாப்பிட வர்றியா? போயிடு மெரில். இனி இந்தப் பக்கம் வராத."

கேக்கைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அது அங்கேயே இருந்தது. அணில்கள் தின்று தீர்த்தன.

ஜனவரியில் அந்தப் பிரிவை நீக்கச் சொல்லி ஒரு சின்னத் திருத்த மசோதா வந்தது. வேறொரு மாவட்டத்து இளம் உறுப்பினர் கொண்டுவந்தது, ஆதரவு ஏதும் கிடையாது. ஆர்டன் கேள்விப்பட்டு, உறைந்த சாலையில் தன் பழைய பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாகப் போனார். கட்டம் போட்ட கம்பளிச் சட்டையோடு அதே ஒலிபெருக்கியின் முன் நின்றார். போன தடவை நான் பேசியது எதற்காக என்று எனக்குச் சொல்லப்படவில்லை, தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன், ஆகவே அன்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றார். சொன்னதைத் திரும்பப் பெற வழியில்லை என்று குழுத் தலைவர் மரியாதையாகச் சொன்னார். அது பதிவாகிவிட்டதாம். நான் இப்போது காக்கை அல்ல, இந்தச் சட்டம் இன்று என்னைக் காப்பாற்றும், அது எனக்கு வேண்டியதில்லை, அவர்களை அதற்குள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவருக்கு அடுத்து எழுந்தவர் மெரில். கவர்னர் அமைத்த சாலைப் பாதுகாப்பு வாரியத்தில் இப்போது உறுப்பினர். சட்டம் நல்லபடியாக வேலை செய்கிறது, பெரும்பாடு பட்டு எட்டிய உடன்பாடு, அதைக் கலைக்க வேண்டாம் என்றார். ஆர்டன் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. கண்ணைத் துடைத்த அதே செனட்டர் இருவருக்கும் நன்றி சொன்னார். மசோதா வாக்குக்கு வரவில்லை.

அன்று அறையின் கடைசி வரிசையில், தோல் சட்டை போடாமல், ஹாலிஸ் உட்கார்ந்திருந்தார். அது ஆர்டனுக்குத் தெரியாது. வசந்தத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து அவரேதான் சொன்னார். கையில் காக்கைச் சட்டை. சங்கம் மறுபடி வாக்கெடுத்ததாகவும், ஒருவர்கூட எதிர்க்கவில்லை என்றும் சொல்லி அதைச் சமையலறை மேஜைமேல் வைத்தார். கார்லிஸ் காபி ஊற்றினாள்.

ஆர்டன் அதைத் தடவிப் பார்த்தார். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். ஆசை இல்லாமல் இல்லை.

"மெரில் என்னை ஏமாத்த மூணு வருஷம் ஆச்சு ஹாலிஸ்" என்றார். "நீங்க என்னைச் சந்தேகப்பட ஒரு பார்வை போதுமா இருந்துது."

"தப்புதான்" என்றார் ஹாலிஸ்.

"தெரியும். நீ ஒத்துக்குவேன்னும் தெரியும். இருந்தாலும் இதைப் போட்டுக்கிட்டு உன் பக்கத்துல ஓட்ட எனக்கு முடியாது."

ஹாலிஸ் காபியைக் குடித்து முடித்தார். சட்டையை எடுத்துக்கொண்டு போகத்தான் பார்த்தார், கார்லிஸ் அதன்மேல் கையை வைத்தாள். இந்தக் காக்கை எங்கள் அண்ணன் ஆரம்பித்தது, இங்கேயே இருக்கட்டும் என்றாள். விதிப்படி அது முடியாது. ஹாலிஸ் விதியைப் பேசவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆர்டன் இப்போது சாதாரண ஜாக்கெட்டில், பெரும்பாலும் தனியாக, சில ஞாயிறுகளில் கார்லிஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறார். ஒருவரும் நிறுத்துவதில்லை. ப்ரூயர் எதிரே வந்தால் கை காட்டுவார், ஆர்டன் திருப்பிக் காட்டமாட்டார். பனிக்காலத்தில் அதே சாலையில் அதே போலீஸ் கார்களுக்கு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார், அது வேலை. காபி மட்டும் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோகிறார்.